படித்துக்கொண்டே விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய வக்கீல் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நான், இவர், குட்டிமா மூவரும் நலம். அங்கு உங்கள் முழங்காலும் அத்தையின் ரத்த அழுத்தமும் நலமா என்று அறிய ஆவல். 'இங்கு நலம்' என்று எழுதியது, கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக மட்டுமே. தயவுசெய்து அதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் இங்கே யாரும் நலமில்லை. ஓனர் ஐயா விழுந்துவிட்டார் மாமா! எங்கள் வாசலில்! வலது மணிக்கட்டில் விரிசல், முழங்கை வரை மாவுக்கட்டு! இதற்கெல்லாம் நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, இவர் சொல்கிறார். போனில் சொல்லலாமே என்பீர்கள். "கேஸ் விஷயத்த போன்ல பேசாத, எழுதி அனுப்பு" என்று சொன்னதும் நீங்கள்தான். அதனால்தான் குட்டிமா தூங்கிய பிறகு, விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள் என்று குளியலறை வெளிச்சத்தில், வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பயம் பாதி, இருட்டு பாதி.

எந்த வழக்கிலும் ஆட்களைக் கலக்கக் கூடாது என்பீர்களே, அதனால் முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஓனர் ஐயா என்றால் கீழ்வீட்டில் இருக்கும், இந்த வீட்டின் சொந்தக்காரர். பத்திரப் பதிவு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓனர் அம்மா அவர் மனைவி. இன்சூரன்ஸ் மாப்பிள்ளை என்றால் அவர்கள் மகளைக் கட்டியவர். இன்சூரன்ஸ் கம்பெனியில், விழுந்தவர்களுக்குப் பணம் கொடுக்காமல் இருக்கக் காரணம் கண்டுபிடிக்கும் பிரிவில் இருக்கிறார். இவர் என்றால் எப்போதும் போல இவர்.

இனி விஷயம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் எங்கள் வாசலுக்கு மேலே ஒரு இடத்தில் வளைகிறது. அந்த வளைவில் சொட்டு. முதலில் மூக்கு ஒழுகுகிற மாதிரி ஒழுகியது, பிறகு கண்ணீர் விடுகிற மாதிரி, போன வாரத்திலிருந்து மாரடித்து அழுகிற மாதிரி. வாசலுக்கு நேர் முன்னால் ஒரு குட்டை. உங்களுக்குத்தான் தெரியுமே, குட்டிமா இப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்திருக்கிறாள். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு நிற்கத் தெரியவில்லை. கதவு கொஞ்சம் திறந்தால் போதும், குண்டு மாதிரி வெளியே பாய்கிறாள். குட்டைக்கு அந்தப் பக்கம் மாடிப்படி! எனக்கு எப்படி இருக்கும்! ஓனர் ஐயாவிடம் சொன்னேன். "பாக்கறேம்மா" என்றார். நிஜமாகவே வந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழாயில் அச்சடித்திருந்த கம்பெனி பெயர், விட்டம், தயாரித்த வருடம், 'வெயிலில் வைக்க வேண்டாம்' வரை வாய்விட்டுப் படித்துவிட்டு, "நல்ல கம்பெனிதாம்மா" என்று இறங்கிப் போய்விட்டார். மறுபடி சொன்னேன், மறுபடி வந்தார், மறுபடி படித்தார். அவர் சுபாவம் அப்படி மாமா. கெட்டவர் இல்லை. எழுத்து என்று இருந்தால் கடைசிவரை படித்தாக வேண்டும், அவ்வளவுதான். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தைக்கூட விடமாட்டார். "படிக்காம கையெழுத்துப் போட்டவன் பட்ட பாட்ட நான் ஆபீஸ்ல எத்தன பாத்திருக்கேன்!" என்பார். மாலையில் மேலே வந்து குட்டிமாவை மடியில் வைத்துக்கொண்டு பால்பவுடர் டப்பாவைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் காட்டுவார். 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று அவர் சொன்னால் அவள் கைதட்டுவாள்.

இந்த நிலையில்தான் நான் உங்களிடம் யோசனை கேட்டேன். நினைவிருக்கிறதா? இவர் அன்றைக்கே, "சொட்டுக்கு அடியில ஒரு பக்கெட்ட வெச்சா முடிஞ்சு போச்சு" என்றார். நீங்கள் போனில் கத்தினீர்கள்: "வெக்காத! பக்கெட் வெச்சா அந்தத் தண்ணிக்கு நீ பொறுப்பு ஏத்துக்கிட்டதா ஆயிடும். வாயால சொன்னது காத்தோட போச்சு, எழுதினதுதான் நிக்கும். எச்சரிக்கை எழுதி ஒட்டு." உங்கள் பேச்சைத் தட்டலாமா? ஒட்டினேன். 'வழுக்கும், ஜாக்கிரதை' என்று கரியால் கிறுக்குவதற்கு நான் என்ன படிக்காதவளா? கல்லூரியில் அலுவலகக் கடிதம் எழுதுதல் என்று தனிப் பாடமே படித்து, வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறையாகப் போட்டேன். பொருள்: மாடிப்படித் திருப்பத்தில் நீர் தேங்குதல் தொடர்பாக. பார்வை: தங்களிடம் பலமுறை தெரிவித்த வாய்மொழி விண்ணப்பங்கள். அதன்பின் குழாயின் வரலாறு, சொட்டின் வளர்ச்சி, தவழும் பருவத்திலிருந்து நடக்கும் பருவத்துக்கு வரும் குழந்தைகளின் இயல்பு, பிறகு எச்சரிக்கை, பிறகு நன்றி. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இரண்டு பக்கமாயிற்று. கதவு நடுவில் இருப்பதால் முதல் பக்கத்தைக் கதவுக்கு இந்தப் பக்கச் சுவரிலும், இரண்டாம் பக்கத்தைக் கதவுக்கு அந்தப் பக்கச் சுவரிலும் ஒட்டினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மாமா, இப்போது அந்தக் காட்சியைக் கண்ணால் பாருங்கள். முதல் பக்கம் இந்தச் சுவரில். இரண்டாம் பக்கம் அந்தச் சுவரில். நடுவில் கதவு. கதவுக்கு முன்னால் குட்டை. குட்டையை எல்லோரும் தாண்டிப் போனார்கள். பேப்பர் போடுகிறவர் தாண்டினார், கேஸ் சிலிண்டர்காரர் தோளில் சிலிண்டரோடு தாண்டினார். ஏன்? அவர்கள் யாரும் என் எச்சரிக்கையைப் படிக்கவில்லை! தண்ணீரைப் பார்த்தார்கள், தாண்டினார்கள். ஓனர் ஐயா மட்டும்தான் படித்தார். உள்ளே நான் குட்டிமாவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன், வெளியே அவர் குரல் கேட்கிறது. ஒரு வரி விடாமல் ரசித்துப் படிக்கிறார். "பேஷ், பார்வையெல்லாம் போட்டிருக்கே இந்தப் பொண்ணு" என்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரு வாய் கூடுதலாகவே ஊட்டிவிட்டேன். முதல் பக்கத்தின் கடைசி வரிக்கு வருகிறார்: "ஆகவே, இவ்விடத்தைக் கடந்து செல்வோர் யாவரும் தயவுகூர்ந்து..." பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்துக்கு நகர்கிறார். நகர்ந்த கால் குட்டையில். சர்ர்ர் என்று ஒரு சத்தம், தொப்பென்று இன்னொரு சத்தம். இரண்டாம் பக்கத்தின் முதல் வரி என்ன தெரியுமா மாமா? "தரையில் கால் வைக்காதிருக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கதவைத் திறந்து ஓடினேன். மனிதர் மல்லாந்து கிடக்கிறார். கண்ணாடி நெற்றியில். வலியில் முகம் கோணுகிறது. அந்த நிலையிலும் என்னைப் பார்த்துக் கேட்கிறார்:

"தயவுகூர்ந்து என்னம்மா செய்யணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தை அவர் பார்த்துவிட்டால் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடுவார் என்று தோன்றியது. பட்டென்று அதைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தேன். எங்கே போட்டேன் என்று சத்தியமாக நினைவில்லை. அப்புறம் ஓனர் அம்மா ஓடிவந்து, ஆட்டோ வந்து, ஆஸ்பத்திரி போய், கட்டுப் போட்டு, எல்லாம் ஆயிற்று. குட்டிமா மட்டும் வாசலில் நின்று 'இன்னொரு தடவை' என்பது போலக் கைதட்டினாள். பெற்றதற்கு வேறென்ன வேண்டும்!

மறுநாள் இன்சூரன்ஸ் மாப்பிள்ளை வந்தார். டேப், டார்ச், முகம் முழுக்கச் சந்தேகம். முதல் பக்கத்தைப் பதமாக உரித்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி எங்க?"

"தொடச்சிட்டேன்."

"தடயத்த அழிச்சிட்டீங்களா?"

"குழந்த நடக்கிற எடம் சார். தொடைக்காம, படம் மாட்டி வெப்பாங்களா?"

"சரி, அன்னிக்கு இருந்த அளவுக்கு ஊத்துங்க."

நானே குவளையில் மொண்டு ஊற்றினேன் மாமா. யாருக்கு வரும் இந்தத் தலையெழுத்து? என் கையாலேயே எனக்கு எதிராகச் சாட்சி தயார் செய்கிறேன்! படியில் நின்றுகொண்டு ஓனர் அம்மா, "இன்னும் கொஞ்சம் விடும்மா, இதவிட ஜாஸ்தி இருந்துது" என்கிறார், சாம்பாருக்குத் தண்ணீர் விடச் சொல்கிற மாதிரி. மாப்பிள்ளை ஓனர் ஐயாவின் செருப்பையே மாட்டிக்கொண்டார். பாதி குதிகால் வெளியே. முதல் பக்கம் இருந்த இடத்தில் நின்றார், இரண்டாம் பக்கம் இருந்த இடத்துக்கு நகர்ந்தார். வழுக்கவில்லை. வேகமாக நகர்ந்தார். வழுக்கவில்லை. கண்ணை மேலே வைத்துக்கொண்டு, வாயால் ஏதோ படிப்பது போல முணுமுணுத்துக்கொண்டு, காலை வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பார்த்தார். ஊஹூம். வியர்த்து ஊற்றியதுதான் மிச்சம். ஆபீசிலிருந்து வந்த இவர் படியிலேயே நின்று, "நான் உள்ள போகணும். இவர் விழுந்து முடிக்கிறதுக்கு இன்னும் நேரமாகுமா?" என்று கேட்டார். ஓனர் அம்மா என் காதருகே, "கல்யாணம் ஆனதுலருந்து பாக்கறேன். ஒரு காரியமும் மாப்ளைக்குச் சட்டுனு வராது" என்றார்.

அவர் விழுந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன் மாமா! விழாததுதான் வினையாகிவிட்டது. மாப்பிள்ளை நிமிர்ந்து நின்று தீர்ப்பு சொன்னார்: "தரை வழுக்கல. அப்போ விழுந்ததுக்குக் காரணம் தண்ணி இல்ல. உங்க பேப்பர். நடக்கிறவரோட கண்ணத் தரையிலருந்து எடுத்துச் சுவத்துல வெச்சது யாரு? நீங்க. ஒண்ணு, தப்பு என்னோடதுதான்னு எழுதிக் குடுங்க. இல்ல, மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணுங்க. நோட்டீஸ் அடிச்சாச்சு. அவரு கையெழுத்துதான் பாக்கி."

நான் விடவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த கேள்விகளையே திருப்பிக் கேட்டேன். ஆபத்து இருப்பது சொந்தக்காரருக்குத் தெரியுமா? தெரியும், நான் சொல்லியிருக்கிறேன், அவரே வந்து குழாயைப் படித்திருக்கிறார். மாடிப்படி யார் பொறுப்பில்? எல்லோரும் நடக்கிற பொது இடம், வாடகைக்கு விட்டது வாசற்படிக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான், ஆக அவர் பொறுப்பில். சரிசெய்ய அவகாசம் இருந்ததா? தாராளமாக. விழுந்தவர் தன் பங்குக்குக் கவனமாக இருந்தாரா? இல்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நான் வரிசையாக அடுக்க, அந்த மனிதர் ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிப் போடுகிறார். "அவருக்குத் தெரியும்னா உங்களுக்கும் தெரியும்தானே, அதான் பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்களே! அவருக்கு அவகாசம் இருந்துதுன்னா, ஒரு பக்கெட் வெக்க உங்களுக்கு அவகாசம் இல்லையா? அண்ணாந்து பாத்தாருன்னா, எதப் பாத்தாரு?" பக்கெட் என்றதும் இவர் என்னைப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை! கல்யாணமாகி இதுவரை அப்படிப் பார்த்ததில்லை. நான் உங்கள் பேரைச் சொல்லவில்லை மாமா, அந்த நன்றியாவது இருக்கட்டும்.

கடைசியாக, "நான்தான் எச்சரிக்கை குடுத்தேனே, ரெண்டாம் பக்கத்துல தெளிவா இருக்கே!" என்றேன். "காட்டுங்க" என்றார். எங்கே காட்டுவது? முதல் பக்கத்தில் எச்சரிக்கையே இல்லை, 'தயவுகூர்ந்து' என்பதோடு நிற்கிறது. இரண்டாம் பக்கம் கிடைத்தால்தான் நான் எச்சரித்தேன் என்பதற்கே ஆதாரம். வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டேன். மிதியடிக்கு அடியில், துணிக்கூடையில், அரிசி டப்பாவில் எல்லாம் பார்த்தாயிற்று. குட்டிமாவின் வாயைக்கூடத் திறந்து பார்த்தேன். ஒரு பட்டன்தான் கிடைத்தது.

மாமா, எனக்கு வழக்கில் ஜெயிக்க வேண்டாம். இந்த வீடு போகக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பக்கத்துத் தெருக் காப்பகத்து அம்மாவிடம் மட்டும்தான் குட்டிமா அழாமல் இருக்கிறாள். பொட்டலம் கட்டிக்கொண்டு எந்த ஊர்க் கோடியில் வீடு தேடுவேன்? அதைவிட, விழுந்த நாளிலிருந்து சாயங்காலமானால் குட்டிமா பால்பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மேலே அவரும் வருவதில்லை, கீழே நானும் முகம் காட்டுவதில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் நலம் விசாரிக்கப் போகலாமா கூடாதா, அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

நோட்டில் தாள் தீர்ந்துவிட்டது. செருப்பு அலமாரிக்குப் பின்னால் கைவிட்டதில் ஒரு தாள் அகப்பட்டது, அதில் தொடர்கிறேன். ஓரத்தில் ஈரக்கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆக, நான் கேட்பது இதுதான். தப்பு முழுக்க முழுக்க ஓனர் ஐயாவுடையது என்று சுளீரென்று ஒரு பதில் நோட்டீஸ் எழுதி அனுப்புங்கள். படிப்புப் பைத்தியம் பிடித்த மனிதர், தரையில் இருக்கிற தண்ணீரைவிடச் சுவரில் இருக்கிற இலக்கணத்தைப் பெரிதாக நினைத்தவர், குழாயை அடைக்கச் சொன்னால் குழாயை வாசிக்கிறவர் என்றெல்லாம் தாராளமாகப் போடுங்கள். அவர் கட்டு நல்லபடியாகப் பிரியட்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என் பக்கம் ஒரு துளிகூடப் பொறுப்பு இல்லை, அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், உங்களையும்தான். பிள்ளைகளுக்கு ஆசிகள், அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். உங்கள் காலில் விழுந்து ஆசி கேட்கிறேன், விழுகிறேன் என்றாலே இப்போது உடம்பு நடுங்குகிறது என்றாலும்.

என்றும் உங்கள் ஆசியை நாடும்,
அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா! மாமா! விடிந்துவிட்டது. உறையில் போடத் தாள்களை அடுக்கினேன், கடைசித் தாளைத் திருப்பினேன். அதுதான் இரண்டாம் பக்கம்! அதன் முதுகில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்! துள்ளிக் குதித்து முழுக்கப் படித்தேன். எச்சரிக்கை இருக்கிறது, தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே, கடிதத்தை மரியாதையாக முடிக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி, என் கையெழுத்தில், என் கையொப்பத்துக்கு நேர் மேலே, "இதன் பொருட்டு எவருக்கேனும் யாதொரு இடர் நேரினும் அதன் முழுப் பொறுப்பும் என்னையே சாரும் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று இருக்கிறது. நான் சும்மா மரியாதைக்கு எழுதினேன் மாமா! இதைக் கிழிப்பதா விழுங்குவதா என்று நான் நிற்கும்போதே ஓனர் அம்மா மேலே வந்துவிட்டார். "ஏம்மா, அந்த ரெண்டாவது பக்கம் கெடச்சா குடேன். மனுஷன் தூங்கவே மாட்டேங்கறாரு. 'தயவுகூர்ந்து என்ன செய்யணும்'னு பொலம்பிக்கிட்டே இருக்காரு. மாப்ளகிட்டயும், அதப் படிக்காம எந்த நோட்டீஸ்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு" என்றார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. தாளை நீட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "பின்னாடியும் ஏதோ எழுதியிருக்கியாமே, நடுவுலருந்து படிச்சா அவருக்குப் பிடிக்காது, மொதல்ல இருந்து குடு" என்றார். கொடுத்துவிட்டேன் மாமா. எல்லாத் தாளையும். இதைக் கிழித்த காலண்டர் தாளின் முதுகில் எழுதுகிறேன். பைத்தியம் என்று எழுதியது, மாப்பிள்ளை, பக்கெட், நீங்கள், எல்லாம் இப்போது கீழே வாய்விட்டுப் படிக்கப்படுகிறது. படிக்கட்டு வழியாக எனக்கே கேட்கிறது. நடுவில் ஓனர் அம்மா சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பெட்டி கட்ட ஆரம்பிக்கிறேன்.

மறு பின்குறிப்பு: பெட்டியை அவிழ்த்துவிட்டேன். தாள்கள் திரும்பி வந்தன, அடியில் கீழ்க்கண்டதோடு. இடது கையால் எழுதியது, கோணலுக்கு மன்னியுங்கள் என்று சொல்லச் சொன்னார்.

"வக்கீல் ஐயா அவர்களுக்கு. இக்கடிதம் முன்பக்கமும் பின்பக்கமும் முழுமையாகப் படித்துப் பார்க்கப்பட்டது. தயவுகூர்ந்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துகொண்டேன், மனம் ஆறுதலடைந்தது. மாப்பிள்ளை அடித்த நோட்டீசையும் படித்தேன். இதற்கு நடை போதாது, கையெழுத்திடவில்லை. சாயங்காலம் பால்பவுடர் டப்பாவுடன் குழந்தையைக் கீழே அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன், மாடி ஏற டாக்டர் விடவில்லை. குழாய் ஆள் நாளை வருகிறார். அதுவரை சொட்டுக்கு அடியில் வைக்க எங்கள் வீட்டுப் பக்கெட்டை மேலே கொடுத்தனுப்பியிருக்கிறேன். பக்கெட் வைத்தால் அந்தத் தண்ணீருக்குப் பொறுப்பு ஏற்றதாக ஆகிவிடும் என்று தாங்கள் கூறியதாக அறிகிறேன். ஆகட்டும்."